பெங்களூரிலிருந்து காரில் ராமேஸ்வரம் தீவு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா பிறந்தது ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருக்கும் உச்சிப்புளி, நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நானே காரை ஓட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய்வருவேன். அதனால் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ யார் அந்தப் பக்கம் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்த பிறகு எழுதி வைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ராமேஸ்வரம் கோயில் ஊர்தானே அக்கா? அதைப் போய் தீவு, விடுமுறைன்னு சொல்றீங்க?

தீவேதான். மண்டபம் என்ற ஊரோடு நிலம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல், பிறகு பாம்பன் தீவு. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் அந்த ஒரே தீவில்தான் இருக்கின்றன. பாலம் இறங்கும் இடத்திலிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. படகில்லாமல், விமானமில்லாமல், பெங்களூரில் வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்த அதே காரில் போய் இறங்கக்கூடிய தீவு நமக்கு வேறு எங்கே இருக்கிறது?

பெரும்பாலானவர்கள் விடியற்காலை வந்து, தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, தனுஷ்கோடியில் நாலு படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிறகு, “அங்க ஒண்ணும் இல்ல, வெயில்தான்” என்பார்கள். அப்படிப் போனால் வெயில்தான் கிடைக்கும். மூன்று இரவு தங்குங்கள். கீழே நான் சொல்கிற எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

எவ்வளவு தூரம்? மேப்ல பத்து மணி நேரம்னு காட்டுதே, நிஜமா?

சுமார் 600 கிலோமீட்டர். மேப்புக்குப் பசிக்காது, டீ வேண்டாம், பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுக்காது. நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மதுரையில் பிரிந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாக 87-ஆம் எண் சாலை.

அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, ஐந்தரைக்குள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிடுங்கள். நான் முதல் முறை வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சாயங்காலம் ஏழுக்குப் புறப்பட்டேன். சில்க் போர்டிலிருந்து ஓசூர் போகவே இரண்டரை மணி நேரம் தின்றுவிட்டது. ராத்திரி முழுக்க லாரிகளுக்கு நடுவே ஓட்டி, மறுநாள் மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் கோயில் நடை சாத்தியிருந்தது. மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்கள். காரிலேயே தூங்கிவிட்டேன்.

ஒரே மூச்சுல போயிடலாமா, இல்ல நடுவுல தங்கணுமா?

இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் ஒரே நாள் சரி. ஒருவரே ஓட்டினால் மதுரையில் ஒரு ராத்திரி தங்குங்கள். பெங்களூரிலிருந்து மதுரை சுமார் 435 கிலோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்குச் சற்றுப் பிந்திச் சேர்ந்துவிடலாம். சாயங்காலம் மீனாட்சி கோயில், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா, ராத்திரி இட்லி. பழுதில்லை.

மதுரையில் தங்குவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, கீழடி. மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில், ஊரை விட்டு 13 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போலக் கட்டப்பட்டிருக்கிறது. பானை ஓட்டில் கீறின தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துகள், யாரோ விளையாடின சுடுமண் சொக்கட்டான் காய்கள், மணிகள். அங்கே கிடைத்தவற்றில் சில கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. காலையில் திறந்ததும் நுழைந்தால் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ரோடு எப்படி? புதுசா ஓட்டறவங்க தைரியமா போகலாமா?

பரமக்குடி வரை நாலு வழிச்சாலை, கஷ்டமில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் கணவாய் நமக்குச் சேலம் பக்கம் இறக்கம். பாரம் ஏற்றின லாரிகளுக்கு அங்கேதான் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். நிறைய விபத்து நடந்த இடம். கியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள், லாரிக்கு நேர் முன்னால் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பரமக்குடிக்கு அப்புறம் நான் போன வரையில் இருவழிச் சாலைதான். இருபுறமும் சீமைக்கருவேலம், அதற்கு நடுவே திடீரென்று ஆடுகள். இருட்டுவதற்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. உச்சிப்புளி வந்ததும் காற்றில் உப்பு தெரியும். பனைமரங்கள் நெருங்கிவரும். அங்கே கண்ணாடியை இறக்கிவிட்டு ஏ.சி.யை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

டோல் எவ்வளவு ஆகும்? ஃபாஸ்டேக் வருஷ பாஸ் எடுத்தா லாபமா?

கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் தொகை சொல்லமாட்டேன். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் தொடங்கி வழி நெடுக டோல்தான். 2025 ஆகஸ்ட் 15-இல் சொந்தக் கார்களுக்கு வருஷ பாஸ் வந்தது, அப்போது விலை 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம், அல்லது ஒரு வருஷம், எது முதலில் முடிகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும்தான் செல்லும். ஓசூர் ரோட்டில் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு லாபம். வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம்தான் என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்ககிட்ட கார் இல்ல. பெங்களூர்ல செல்ஃப் டிரைவ் கார் எடுத்துட்டுப் போகலாமா?

போகலாம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியாகப் பாருங்கள், அதுதான் முறைப்படி ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடுவதற்குப் பதிவான கார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வெள்ளைப் பலகைக் காரைக் குறைந்த வாடகைக்குத் தருவார். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், வேண்டாம். வெளி மாநிலத்துக்குப் போக வண்டிக்கு பெர்மிட் இருக்கிறதா, தமிழ்நாட்டு வரி யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வருஷ பாஸ் வாடகைக் காருக்குக் கிடையாது.

இன்னொன்று, எடுக்கும்போதே காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். ஒருமுறை வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, நான் போடாத ஒரு கீறலுக்கு என்னிடம் பணம் பிடித்துக்கொண்டார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

எங்களோடது மின்சாரக் கார். சார்ஜ் கிடைக்குமா?

மதுரை வரை கவலையில்லை. அதற்கப்புறம் சார்ஜிங் இடங்கள் குறைவு. மதுரையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், தங்கப்போகிற விடுதியில் வசதி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தீவுக்குள் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேலை இருக்காது.

எந்த மாசம் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை. வெயில் தாங்கும், கடல் அடங்கியிருக்கும், பறவைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடி சாலையை அடைத்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நுங்கு உண்டு, நிழல் கிடையாது.

தேதி குறிப்பதற்கு முன்னால் காலண்டரில் அமாவாசை பாருங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோர்களுக்குத் திதி கொடுக்க ஊரே திரண்டு வரும். திதி கொடுக்கப் போகிறவர்கள் போகத்தான் வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டு நாளும் வேறு ஊருக்குப் போங்கள்.

பாம்பன் பாலத்துல காரை நிறுத்தி போட்டோ எடுக்கலாமா?

நிறுத்தக் கூடாது. எல்லாரும் நிறுத்துகிறார்கள், போலீஸ் வந்து விரட்டுகிறது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பாலத்தைக் கடந்து பாம்பனில் ஊருக்குள் காரை விட்டுவிட்டுக் கரைக்கு நடந்து போங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் பாலங்கள் எல்லாம் சேர்ந்து கண்ணுக்குள் வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது. அது ஓடிய காலத்தில் கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை ஆட்கள் கையால் நெம்புகோலைச் சுற்றி இரண்டாகப் பிளந்து தூக்கினார்கள். 1964 புயலில் அதன் இரும்பு உத்திரங்கள் நூற்றுக்கும் மேல் கடலில் விழுந்தன. அவற்றை மீட்டுப் பாலத்தை 46 நாளில் மறுபடி ஓடவைத்த இளம் பொறியாளர்தான் பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய ஈ.ஸ்ரீதரன். நீங்கள் காரில் கடக்கும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, நீளம் 2.345 கிலோமீட்டர். அதற்கு முன்னால் தீவுக்குக் காரைக் கொண்டுபோகச் சாலையே கிடையாது. என் அம்மாவெல்லாம் ரயிலில்தான் போயிருக்கிறாள். புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. அதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகும். அது தூக்குகிற நேரத்தில் அங்கே நிற்பது அதிர்ஷ்டம். எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

கோயில் பக்கத்துல காரை எங்க விடறது? இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினா எவ்வளவு நேரம்?

ரத வீதிகளுக்குள் கார் போகாது. வாகன நிறுத்தத்தில் போட்டுவிட்டு நடங்கள், அம்மா அப்பாவுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். விடுதியில் கார் நிறுத்த இடம் இருந்தால் அங்கேயே விட்டுவிடுவது இன்னும் நிம்மதி.

முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். விடிவதற்குள் போனால் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் பத்து மணிக்குப் போனால் மூன்று மணி நேரம். ஈரத் துணியோடு சன்னிதிக்குப் போகக் கூடாது, மாற்றுத் துணி கையில் இருக்கட்டும். செல்போனை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையில் மட்டும்.

தரிசனம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் மூன்றாம் பிரகாரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டி முடித்தார்கள். 1,212 தூண்கள். கூட்டம் கோயிலின் கிழக்குப் பக்கம்தான் மொய்க்கும். மேற்கு மூலையில் போய் உட்கார்ந்தால் கல் குளிர்ந்து கிடக்கும், நீங்களும் ஒரு புறாவும்தான் இருப்பீர்கள்.

தனுஷ்கோடியை பேய் ஊர்னு யூடியூப்ல சொல்றாங்களே, அப்படி என்ன நடந்துச்சு அங்க?

அந்தப் பெயரை நான் சொல்லமாட்டேன். அங்கே இப்போதும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். சுற்றிலும் உப்புக் கடல், தோண்டினால் நல்ல தண்ணீர். கேட்டால் ஒரு குவளை தருவார்கள், குடித்துப் பாருங்கள்.

1914 முதல் தனுஷ்கோடி ஒரு துறைமுகப் பட்டணம். சென்னை எழும்பூரில் போட் மெயில் என்ற ரயிலில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலோடு கடல் எழுந்து வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பயணிகள் ரயிலை, நிலையத்துக்கு எட்டும் தூரத்தில், அலை அப்படியே அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. ஊரே அழிந்தது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

இன்று மிச்சம் இருப்பது தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் இரண்டொரு தூண், தண்ணீர்த் தொட்டி. சுவரை உற்றுப் பாருங்கள், பவளப் பாறையை அறுத்துக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள், உதிர்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து வரும் வழியில் தனியாக நிற்கும் கோதண்டராமர் கோயில் மட்டும் அந்தப் புயலில் தப்பித்தது. விபீஷணனுக்கு ராமர் பட்டம் கட்டிய இடம் என்பார்கள்.

அரிச்சல்முனை வரைக்கும் நம்ம காரே போகுமா? மணல்ல இறக்கலாமா?

2017-இல் திறந்த தார்ச்சாலை முனை வரை போகிறது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அதற்கு முன்னால் ஜீப்பில்தான் மணலில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். இப்போது எந்தச் சின்னக் காரும் போகும். சாயங்காலம் சோதனைச்சாவடியில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், இருட்டுவதற்குள் உள்ளே இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். ராத்திரி தங்க முடியாது. காலை ஆறு மணிக்குப் போனால் சாலை உங்களுக்கே சொந்தம், சூரியனும் கடலில்தான் எழும்.

மணலில் இறக்காதீர்கள். மூன்றாவது பயணத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்த ஆசைப்பட்டு நான்கு அடி இறக்கினேன், முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம். வலை பின்னிக்கொண்டிருந்த ஐந்து பேர் வந்து, டயரில் காற்றைப் பாதி இறக்கச் சொல்லி, பனை ஓலையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். “பெங்களூர்ல மணலே இல்லையாம்மா?” என்று ஒரு பெரியவர் கேட்டதுதான் வலித்தது.

அங்கிருந்து இலங்கை தெரியுமா? கச்சத்தீவுக்குப் போக முடியுமா?

தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செல்போனுக்குத் தெரியும். சிலருக்கு இலங்கை நெட்வொர்க் பிடித்துவிடும், ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள்.

கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போய்விட்டது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்தவர்கள் ராமேஸ்வரத்திலிருந்து படகில் போய்வருகிறார்கள். மற்ற நாட்களில் கிடையாது. யாராவது படகுக்காரர் “காட்டிட்டு வரேன்” என்றால் ஏறாதீர்கள்.

எந்தக் கடல்ல குளிக்கலாம்? பசங்க கேக்க மாட்டாங்க.

உள்ளூரில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது ஏரி மாதிரி கிடக்கும், பின்னது எப்போதும் சீறும். அரிச்சல்முனையில் இரண்டும் மோதுகிற இடத்தில் கால் நனைப்பதோடு சரி, அடியில் இழுப்பு பலம். குழந்தைகளோடு குளிக்க அரியமான் கடற்கரை. தீவுக்குள் இல்லை, மண்டபத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. சவுக்குத் தோப்பு, நிழல், ஆழமில்லாத தண்ணீர். பக்கத்தில் பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சாப்பாடு எப்படி? நாங்க சைவம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மீன் இல்லாம சாப்பிட மாட்டாங்க.

கோயிலைச் சுற்றி எல்லாம் சைவம்தான். வடநாட்டு யாத்ரீகர்களுக்காகச் சப்பாத்தி சப்ஜியும் தாராளமாகக் கிடைக்கும். மீன் வேண்டுமென்றால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் போகவேண்டும். தனுஷ்கோடியில் ஓலைக் குடிசைகளில் மீனை நீங்களே கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம், உங்கள் முன்னாலேயே மசாலா தடவித் தோசைக்கல்லில் போடுவார்கள். பாறை, சீலா, ஊளி, விளமீன் எது அன்று வந்ததோ அது. கணவாய் இருந்தால் விடாதீர்கள். விலையைப் பொரிப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, கடலுக்குப் போகும். அதனால் மறுநாள் காலை மீன் பெருகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் கிடைக்கும், விலை ஏறும். ‘தீவுக்கு வந்து ஐஸ் மீனா’ என்று கோபப்படுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

இந்த மாவட்டத்தின் ருசி மீனில் மட்டும் இல்லை. குழம்பில் போடுகிற குண்டு மிளகாய் இந்த மண்ணுடையது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. பைடகி மிளகாய்க்குப் பழகிய பெங்களூர் நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். தை மாதம் போனால் அவித்த பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு. ராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர் தள்ளி கீழக்கரை போனால் தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கைவலிக்கக் கிண்டுகிற முஸ்லிம் வீட்டுப் பண்டம். அல்வா போல இருக்கும், அல்வா இல்லை.

கோயில் குளம் எல்லாம் போதும், வேற என்ன இருக்கு பார்க்க?

தனுஷ்கோடி போகும் வழியில் உப்பங்கழியில் பூநாரை. குளிர்காலக் கடைசியில் நூற்றுக்கணக்கில் நிற்கும். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ட்ரோன் விடாதீர்கள், காரைவிட்டு இறங்கிக் கைதட்டாதீர்கள். தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 குட்டித் தீவுகள், தூத்துக்குடி வரை நீள்கிறது. கடற்பசு வாழ்கிற கடல். அம்மா அதை ஆவுளியா என்பாள், தன் சின்ன வயதில் கரையில் ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறாளாம்.

ஊருக்குள் அப்துல் கலாம் பிறந்த வீடு மசூதித் தெருவில், நினைவிடம் பேய்க்கரும்பில். பாம்பனை ஒட்டிய குந்துகால் கரையில் விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. மேலை நாடுகளிலிருந்து திரும்பியவர் 1897 ஜனவரி 26-இல் பாம்பனில்தான் இறங்கினார், வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. அந்தச் சேதுபதிகளின் அரண்மனை ராமநாதபுரத்தில் உள்ளது. அங்கே ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களை ஆள் இல்லாத மதியத்தில் நின்று பாருங்கள். தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை, ராமாயணம், அந்தப்புரம் எல்லாம் ஒரே கூடத்தில். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அங்கேதான் போவேன்.

பொம்பளைங்க நாங்க மூணு பேர் மட்டும் ஓட்டிட்டுப் போறோம். பயமில்லையா?

நான் தனியாகவே போயிருக்கிறேன். யாத்திரை ஊர், விடியற்காலை மூன்று மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். பயம் ஊரில் இல்லை, ரோட்டில்தான். பரமக்குடிக்கு அப்புறம் சொன்ன அந்த இருவழிச் சாலையை இருட்டில் ஓட்டாதீர்கள். கழிப்பறைக்கு நெடுஞ்சாலையில் பெரிய உணவகங்களையே நம்புங்கள்.

சங்கு, பவளம் எல்லாம் வாங்கிட்டு வரலாமா? வேற என்ன வாங்கறது?

சங்கு கடைகளில் கிடைக்கும். பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை எதையும் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், கரையில் கிடந்ததைப் பொறுக்கினேன் என்றாலும் கேட்கமாட்டார்கள். கருப்பட்டி வாங்குங்கள், ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு. பனையோலைப் பெட்டி வாங்குங்கள். கருவாடு வாங்கினால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். நான் ஒரு உறையோடு விட்டுவிட்டு இரண்டு மாதம் காரில் யாரையும் ஏற்றவில்லை. ஊர் வந்ததும் முதல் வேலையாகக் காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும்.

அப்புறம், தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று. மதுரை மல்லி என்று நாம் கொண்டாடுகிற பூவுக்கு நாற்று போவது இங்கிருந்துதான். தீவு மணலில் வேர் பிடித்த குச்சிகளைக் கட்டுக் கட்டாகத் தருவார்கள். ஈரச் சாக்கில் சுற்றி, டிக்கியில் வைக்காமல் பின்சீட்டின் காலடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். பெங்களூர் குளிருக்கு முதல் வருஷம் முறைத்துக்கொண்டு நிற்கும். என் பால்கனியில் எட்டு வைத்தேன், ஐந்து பிழைத்தது, இரண்டாம் வருஷம் மார்ச்சில் பூத்தது.